தூசிக்கு ஏரியல் எங்கே?

"அப்படி ஒண்ணு இல்லவே இல்ல, சித்தப்பா" என்று நான் சொன்னதில்தான் எல்லாம் கெட்டது.

அவர் கேட்டது ஒரே கேள்வி. காற்றில் மிதக்கும் கணினிகள் உண்டா? மூச்சோடு உள்ளே போய்விடும் அளவுக்குச் சிறியதாக, நாம் பேசுவதையும் நடமாடுவதையும் யாருக்கோ அனுப்பிக்கொண்டே இருக்கிற சென்சார்கள் உண்டா? ஏதோ ஒரு காணொளியில் பார்த்திருக்கிறார். பார்த்த நாளிலிருந்து வீட்டு ஜன்னல்களைச் சாத்தியே வைத்திருக்கிறார் என்று சித்தி போனில் சொல்லி அழுதார். நான் மின்னணுத் துறையில் வேலை பார்ப்பவள். சென்சார்களோடு 15 ஆண்டுகளாகப் புழங்குகிறேன். என் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு உண்டு என்ற தைரியத்தில், ஒரே வார்த்தையில் பேச்சை முடித்துவிட்டேன்.

அடுத்த முறை போனபோது அவர் ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் பக்கங்கள், அச்செடுத்து, முக்கியமான வரிகளுக்குக் கீழே கோடு போட்டு வைத்திருந்தார். தலைப்பு 'ஸ்மார்ட் டஸ்ட்'. பணம் கொடுத்த இடத்தில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் பெயர்.

"இது பொய்யாம்மா?"

"பொய் இல்ல சித்தப்பா."

"அப்ப நீ தெரிஞ்சே மறைச்சியா, இல்ல உனக்கே தெரியாதா?"

இரண்டில் எதைச் சொன்னாலும் எனக்குத் தலைகுனிவுதான். எனக்குத் தெரியும். 'உண்டு' என்று தொடங்கினால் அந்த ஒரு சொல் மட்டும்தான் அவர் காதில் விழும் என்று பயந்து மறைத்தேன். அவரோ வாழ்நாள் முழுக்க ரேடியோ பழுது பார்த்தவர். வால்வு செட் காலத்திலிருந்து டிரான்சிஸ்டர் வரை பார்த்தவர், கையால் காயில் சுற்றத் தெரிந்தவர், மீட்டர் வைத்துப் பார்க்காமல் ஒரு பாகத்தைக்கூடக் கெட்டுப்போனது என்று ஒதுக்காதவர். அப்படிப்பட்டவரிடம் போய் மீட்டர் வைக்காமலே தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து அந்த ஃபைலை முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தோம். அன்றும் அதற்குப் பிறகு பல நாளும் நாங்கள் பேசியதைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பக்கங்களில் இருந்தது உண்மை. 'ஸ்மார்ட் டஸ்ட்' என்ற பெயரை 1997-இல் வைத்தவர் பெர்க்லி பேராசிரியர் க்ரிஸ் பிஸ்டர். ஒரு கன மில்லிமீட்டருக்குள், அதாவது ஒரு சர்க்கரைப் பரல் அளவுக்குள், சென்சார், கணிக்கும் சில்லு (சிப்), மின்சாரத்துக்கு ஒரு வழி, தகவலை வெளியே சொல்ல ஒரு வழி என நான்கையும் அடக்கிவிட வேண்டும் என்பது அவருடைய இலக்கு. 2001 மார்ச்சில் கலிபோர்னியாப் பாலைவனத்தில் ட்வென்டிநைன் பாம்ஸ் என்ற ராணுவத் தளத்தில் ஒரு சோதனை நடந்தது. ஆளில்லாத சிறிய விமானம் ஒன்று 6 சென்சார் கருவிகளைச் சாலையோரம் போட்டுவிட்டுப் போனது. விழுந்த கருவிகள் தாமாகவே ஒன்றோடொன்று தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, கடிகாரங்களைச் சரிசெய்துகொண்டு, வழியே போன வண்டிகளின் இரும்பு பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கிய சலனத்தைப் பதிவு செய்தன. விமானம் மறுபடி மேலே பறந்து வந்தபோது, எந்த வண்டி எந்தப் பக்கம் என்ன வேகத்தில் போனது என்பதை ரேடியோ வழியாக ஒப்படைத்தன.

இதைப் படித்ததும் சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "வானத்துலேர்ந்து தூவியிருக்கான். நான் சொன்னேன் இல்ல?"

தூவியிருக்கிறார்கள், சரி. தூவியது தூசியா என்பதுதான் கேள்வி. அந்த 6 கருவிகளும் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் அளவில் இருந்தவை. 'ஸ்மார்ட் டஸ்ட்' என்பது போய்ச் சேர நினைத்த ஊரின் பெயர். அன்று வண்டி நின்றிருந்த இடம் வேறு. இந்த விவாதத்தில் பாதிக் குழப்பம் இந்தப் பெயரால் வந்தது என்று நான் நினைக்கிறேன். 2002-இல் பிஸ்டர் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலேயே 'டஸ்ட்' இருந்தது. அது ஆலைகளுக்குக் கொடுத்தது, குழாய்களிலும் கொதிகலன்களிலும் பொருத்தும் அளவிகளுக்கான ரேடியோத் தொகுதிகளை. அதே 2002-இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், வளை தோண்டி முட்டையிடும் கடற்பறவைகளைத் தொந்தரவு செய்யாமல் கவனிக்க 32 கருவிகளை வைத்தார்கள். அவையும் அதே குடும்பம்தான். ராணுவப் பணத்தில் பிறந்த பொருள் பறவைக் கூட்டுக்குள் போய் உட்கார்ந்ததைச் சித்தப்பாவிடம் சொன்னபோது முதல்முறையாக அவர் முகம் கொஞ்சம் தளர்ந்தது.

அந்த நேரம் பார்த்து என் தம்பி வந்தான். ஃபைலை ஒரு பார்வை பார்த்தான். "சித்தப்பா, இதெல்லாம் சும்மா சினிமாக் கதை. தூசி அளவுல கம்ப்யூட்டராம்! யாராவது கேட்டா சிரிப்பாங்க" என்றான். சித்தப்பா ஒன்றும் பேசாமல் ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மிரட்டும் காணொளியைவிட இப்படிச் சிரிக்கிற சிரிப்புதான் பயந்த மனிதரை அந்தக் காணொளியின் பக்கம் வேகமாகத் தள்ளுகிறது. அங்கே யாரும் அவரைப் பார்த்துச் சிரிப்பதில்லை. தம்பிக்கு அன்று நான் கோபமாகவே சொன்னேன்: நீ சொன்னதும் தப்பு, உன் தகவலும் தப்பு.

ஏனென்றால் தூசி அளவில் கணினி இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பிளாவ், டென்னிஸ் சில்வெஸ்டர் ஆகியோரின் குழு சில மில்லிமீட்டர் அளவில் 'மைக்ரோ மோட்' என்ற முழுக் கணினியைச் செய்தது. சிறிய மின்கலம், சூரியத் தகடு, நினைவகம், ரேடியோ எல்லாம் அடுக்கடுக்காக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியவை. 2018 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பக்கத்துக்கு 1 மி.மீ. கொண்ட கணினியை அறிவித்தது. அதே ஆண்டு ஜூனில் மிச்சிகன் குழு பக்கத்துக்கு 0.3 மி.மீ. அளவில் ஒன்றைக் காட்டியது. அரிசிமணியின் பக்கத்தில் வைத்தால் கறுப்புப் புள்ளி மாதிரி தெரியும். வெளிச்சம் கொடுக்கும்வரை வேலை செய்யும், வெளிச்சத்தை எடுத்தால் நினைவில் இருந்தது அத்தனையும் அழிந்துவிடும். இதைக் கணினி என்று அழைக்கலாமா என்பதே கருத்தைப் பொறுத்தது என்று செய்தவர்களே சொன்னார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

இந்தச் சிறு கணினிகள் செய்த வேலைகளில் என் மனதில் நின்றது நத்தைக் கதைதான். பசிபிக் பெருங்கடலில் உள்ள தாஹிட்டி உள்ளிட்ட தீவுகளுக்கு 1974-இலிருந்து ஓர் அயல்நாட்டு நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள். வேறொரு நத்தையை ஒழிக்க வந்த அது, அந்தத் தீவுகளுக்கே உரிய சின்ன மரநத்தை இனங்களை ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தது. ஆனால் வெண்ணிற ஓடு கொண்ட ஓர் இனம் பிழைத்துக் கிடந்தது. ஏன்? வெள்ளை ஓடு வெயிலைத் திருப்பி அடிக்கும், அதனால் கொல்லும் நத்தை நுழைய முடியாத வெயிலுள்ள காட்டோரத்தில் அதனால் வாழ முடிகிறதோ என்று ஒரு சந்தேகம். சந்தேகத்தைத் தீர்க்க, நத்தையின் முதுகில் ஏற்றி அனுப்பும் அளவுக்குச் சின்னதாக ஒரு வெளிச்ச அளவி வேண்டும். மைக்ரோ மோட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். வேட்டை நத்தையின் ஓட்டில் ஒட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட வெள்ளை நத்தையைத் தொடாமல், அது ஒட்டிக்கொண்டு ஓய்வெடுக்கும் இலையில் வைத்தார்கள். சூரியத் தகடு மின்கலத்தை எவ்வளவு வேகத்தில் நிரப்புகிறது என்பதே வெளிச்சத்தின் அளவு. 2021-இல் முடிவு வெளியானது: நண்பகலில் வெள்ளை நத்தை இருக்கும் இடத்தில் வேட்டை நத்தைக்குக் கிடைப்பதைவிடச் சுமார் 10 மடங்கு வெயில். ஓர் உயிரினம் எப்படிப் பிழைத்தது என்பதை அரிசிமணியைவிடச் சற்றே பெரிய கணினி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறது. இதைத்தானே தம்பி 'கதை' என்றான்!

இனி மறுபக்கம். இதை விளக்க நான் சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. என் மேசையில் வருஷக்கணக்காகக் கிடந்த பழைய கம்பியில்லாச் சென்சார் ஒன்றை அடுத்த தடவை எடுத்துப்போய் அவர் கையில் கொடுத்தேன். இரண்டு பேனா பேட்டரி போடும் வகை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றி, லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டார். சில்லைத் தேடுவார் என்று நினைத்தேன். அவர் விரல் நேராக ஓரத்தில் இருந்த செப்புத் தடத்துக்குப் போனது.

"ஏரியல் இதானே? எத்தனை மெகாசைக்கிள்?"

"2,400, சித்தப்பா."

அவர் மனக்கணக்குப் போட்டார். "அப்ப அலை பன்னெண்டரை சென்டிமீட்டர். கால் பாகம்னா மூணு சென்டிமீட்டர் சொச்சம். சரியாத்தான் இருக்கு." பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. எஃப்.எம். பெட்டியில் முக்கால் மீட்டர் குச்சியை இழுத்து நிமிர்த்தி வைத்தே பழகிய கை அது. ரேடியோ அலையைப் பிடிக்கவும் அனுப்பவும் ஏரியல் அலைநீளத்தில் கால் பாகம் அளவாவது இருந்தால்தான் நல்லது, அதனால்தான் அந்தக் குச்சி அவ்வளவு நீளம் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு அவரே கேட்டார்: "தூசிக்கு ஏரியல் எங்கே வைப்பான்?"

இத்தனை நாளும் நான் தேடிக்கொண்டிருந்த கேள்வி அதுதான். அது அவர் வாயிலிருந்து வந்ததில் எனக்குக் கண் கலங்கியது.

மூளையைச் சிறிதாக்குவதில் மனிதர்கள் பெரிய வெற்றி கண்டுவிட்டார்கள். இன்றைய உயர்தரச் சில்லுகளில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் 10 கோடி டிரான்சிஸ்டர்களுக்கு மேல் இருக்கின்றன. அந்தக் கணக்கில் பக்கத்துக்கு 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு உள்ள சதுரத்தில் 10,000 டிரான்சிஸ்டர்கள் அடங்கும். 1971-இல் இன்டெல் வெளியிட்ட 4004 என்ற முதல் நுண்செயலியில் இருந்தவை மொத்தமே சுமார் 2,300. ஆக, மிதக்கும் தூசிக்குள் ஒரு கணிப்பானை அடக்குவது கற்பனை என்று யாரும் சொல்ல முடியாது. அடக்கலாம். ஆனால் அலைநீளம் சிறுக்காது. டிரான்சிஸ்டரை எவ்வளவு நுணுக்கினாலும் 2,400 மெகாஹெர்ட்ஸ் அலை பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். அதைவிட மிகமிகச் சின்ன ஏரியலில் ஏற்றிவிடும் சக்தி கொஞ்சமே வெளியே போகும், மிச்சம் சூடாகி வீணாகும்.

"ஃப்ரீக்வன்சியை ஏத்திட்டா?" என்றார். ஏற்றலாம். 60 ஜிகாஹெர்ட்ஸுக்குப் போனால் அலை 5 மி.மீ. ஆகிவிடும், கால் பாகம் 1.25 மி.மீ. மில்லிமீட்டர் அளவுச் சில்லுகளில் இதைச் செய்து காட்டியும் இருக்கிறார்கள். அலை சிறுக்கச் சிறுக்க அதை உண்டாக்கவே அதிகச் சக்தி செலவாகும், தூரமும் குறையும். அப்போது தூசியின் வயிற்றைப் பற்றிப் பேச வேண்டி வருகிறது.

வயிற்றுக் கணக்கு இது. நல்ல உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் ஒளி விழுகிறது. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1 மில்லிவாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகும் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக்கு 0.1 மி.மீ. உள்ள தூசியின் முழு மேற்பரப்பும் சூரியத் தகடாக இருந்தாலும் 2 மைக்ரோவாட்தான் கிடைக்கும் (ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் மைக்ரோவாட்). வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்தில் அது பல நூறு மடங்கு குறைந்து சில நானோவாட்டாகிவிடும் (மைக்ரோவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இருட்டினால் ஒன்றுமில்லை. வைஃபை போல 100 மில்லிவாட்டில் பேச வேண்டுமானால், வெயிலில் கிடைப்பதைவிட 50,000 மடங்கு வேண்டும். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நானோவாட்டில் ஒன்றுமே செய்ய முடியாதா என்றால், முடியும். கண்ணின் உள்ளழுத்தத்தை அளக்க மிச்சிகன் குழு 2011-இல் காட்டிய கருவி சராசரியாக 5.3 நானோவாட்டில் ஓடியது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவிட்டு மறுபடி தூங்கிவிடும். குறித்ததை வாங்க வேண்டுமானால் படிக்கும் கருவியைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டும். கால்மணிக்கு ஓர் எண் என்பது இந்தச் சின்ன வயிற்றுக்கு ஏற்ற வேலை. பேச்சு அப்படியில்லை. சாதாரணத் தொலைபேசித் தரத்தில் ஒரு குரலைப் பதிவு செய்யவே நொடிக்கு 8,000 எண்கள் வேண்டும். வெப்பநிலையைச் சொல்லும் தூசி இருக்கிறது என்பதிலிருந்து நம் பேச்சைக் கேட்டு அனுப்பும் தூசி இருக்கிறது என்று தாண்டுகிறவர்கள் இந்தப் பள்ளத்தைப் பார்ப்பதே இல்லை.

இன்னொன்றையும் சித்தப்பா கேட்டார்: நேராகச் சாட்டிலைட்டுக்கு அனுப்பிவிடாதா? ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து நேரத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. நாம் பேசுவதைக் கேட்பது அவற்றின் வேலையே இல்லை. ரேடியோக்காரருக்கு இது ஒரு வரியில் புரிந்தது.

மிதப்பது அடுத்த சிக்கல். 'காற்றில் மிதக்கும்' என்று சொல்லும்போது, ஒருமுறை தூவிவிட்டால் நாள்கணக்கில் நம் தலைக்கு மேலேயே நிற்கும் என்ற படம் மனதில் வருகிறது. 100 மைக்ரான் அளவுள்ள சிலிக்கான் மணி, அசையாத காற்றில் நொடிக்கு அரை மீட்டர் வாக்கில் கீழே இறங்கும். ஆள் உயரத்திலிருந்து தரைக்கு மூன்று, நான்கு நொடி. 10 மைக்ரானுக்குப் போனால் நொடிக்குச் சுமார் 7 மி.மீ. வேகம்தான், அதே உயரத்தைக் கடக்க நாலைந்து நிமிடம் ஆகும், கொஞ்சம் காற்று அடித்தால் மறுபடி எழும்பும். அந்த அளவில்தான் உண்மையாகவே மிதக்கிறது. அந்த அளவில்தான் சூரியத் தகட்டுக்கும் ஏரியலுக்கும் இடமே இல்லாமல் போகிறது.

அதற்காக யாரும் சும்மா இருந்துவிடவில்லை. அமெரிக்காவின் எம்ஐடி கல்வி நிறுவனத்தில் மைக்கேல் ஸ்ட்ரானோவின் குழு 2018-இல் சுமார் 100 மைக்ரான் அளவுள்ள துகள்களின்மேல் ஒளியால் இயங்கும் சிறு மின்சுற்றுகளை ஏற்றிக் காற்றில் பீய்ச்சி அடித்தது. அம்மோனியா போன்றவை வழியில் பட்டால் துகள் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பிறகு துகள்களைத் திரும்பச் சேகரித்துப் படிக்க வேண்டும், தானாக எதையும் அனுப்பாது. தேடி எடுக்க வசதியாக ஒளியைத் திருப்பி அடிக்கும் பரப்பையும் வைத்திருந்தார்கள். 2021-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு, சிறகு முளைத்த விதைகள் சுழன்றபடி மெல்ல இறங்குவதைப் பார்த்து, மின்சுற்று தாங்கிய நுண்பறவைகளைச் செய்தது. 2022-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விக்ரம் ஐயர், ஷியாம் கொல்லகோட்டா ஆகியோர், பஞ்சுபோல் காற்றில் போகும் டான்டிலியன் விதையை முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்த கருவி 30 மில்லிகிராம். அந்த விதையைவிடச் சுமார் 30 மடங்கு கனம். மிதமான காற்றில் 100 மீட்டர் வரை போய், 100-க்கு 95 முறை சூரியத் தகடு மேலே பார்த்தபடி தரையில் உட்காரும். அதற்குச் சொந்த மின்கலம் இல்லை. வேறொரு கருவி அனுப்பும் ரேடியோ அலையைத் திருப்பி எதிரொலிப்பதன் மூலம் 60 மீட்டர் வரை தகவல் சொல்லும்.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சித்தப்பா சொன்னார்: "மிதக்கிறது பேச மாட்டேங்குது. பேசுறது மிதக்க மாட்டேங்குது, பறந்து வந்து உக்காந்துடுது." அவர் சொன்னதை நான் எழுதி வைத்துக்கொண்டேன். இன்றைய நிலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"வெளிச்சத்துல பேசலாமே?" என்று அடுத்த நாள் போனில் கேட்டார். நல்ல கேள்வி. பெர்க்லிக்காரர்கள் முதலிலேயே யோசித்தது அதைத்தான். மூன்று கண்ணாடிகளை மூலைபோல் ஒன்றுக்கொன்று செங்குத்தாக வைத்தால், எந்தப் பக்கமிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்பும். அதில் ஒரு கண்ணாடியை மட்டும் லேசாக அசைத்தால் திரும்பும் ஒளி விட்டுவிட்டு மின்னும். தூரத்தில் இருப்பவர் லேசரை அடிப்பார், தூசி கண் சிமிட்டும். தூசிக்கு ஆகும் செலவு கண்ணாடியை அசைப்பது மட்டும். அருமையான யோசனை. லேசர் அடிப்பவர் தூசியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், சுவர் குறுக்கே வரக்கூடாது, தூசியும் ஓர் இடத்தில் நிற்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறோம். தூசி எவ்வளவு சின்னதாக இருக்கிறதோ அவ்வளவு பெரிய துணை அதற்குப் பக்கத்தில் வேண்டும். சக்தி ஊட்டவும் அது சொல்வதைக் கேட்கவும் லேசரோ, ரேடியோப் பெட்டியோ, மைக்ராஸ்கோப்போ அருகிலேயே இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத தூசியை நினைத்துப் பயப்படுவதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரிந்தே ஆக வேண்டிய அந்தத் துணை எங்கே என்று கேட்கலாம். ஹிட்டாச்சி நிறுவனம் 2007-இல் 0.05 மி.மீ. சதுர அடையாளச் சில்லைக் காட்டியபோது உலகமே மிரண்டது. பொடிபோல இருந்த அந்தச் சில்லுக்கும் ஒரு தனி ஏரியலை வெளியே ஒட்டினால்தான் படிக்க முடியும் என்ற விவரம் அந்த மிரட்சியில் காணாமல் போனது.

ஊசிக் கேள்வியையும் மறைக்காமல் எழுத வேண்டும், ஏனென்றால் தடுப்பூசியில் சில்லு இருக்கிறது என்ற வதந்திக்கு 'ஊசி வழியாகச் சில்லு போகவே போகாது' என்று பலரும் பதில் சொல்கிறார்கள். அந்தப் பதில் தவறு. 2021-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கென்னத் ஷெப்பர்ட் குழு 0.1 கன மில்லிமீட்டருக்கும் குறைவான ஒற்றைச் சில்லைச் செய்து, எலியின் உடலுக்குள் ஊசி வழியாகவே செலுத்தி வெப்பநிலையை அளந்து காட்டியது. அங்கே ரேடியோ இல்லை, கேளா ஒலி (அல்ட்ராசவுண்ட்). உடலுக்குள் அந்த ஒலியின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுவதால் சின்னச் சில்லாலும் அதைப் பிடிக்க முடிகிறது. ஆனால் ஒலி கொடுக்கும் கருவியைத் தோலின்மேல் வைத்து அழுத்தியிருக்க வேண்டும். எடுத்துவிட்டால் சில்லு வெறும் மணல். சித்தப்பாவிடம் 'போகும்' என்றே சொன்னேன். போகும் என்று சொன்ன பிறகுதான் மீதியை அவர் கேட்டார்.

"இன்னிக்கு இல்ல, சரி. நாளைக்கு?"

இதற்கு என்னிடம் பாதி பதில்தான் இருக்கிறது. திறமையால் நகர்த்தக்கூடிய தடைகள் உண்டு. சில்லின் பசி இன்னும் குறையும், தயாரிப்பு மலிவாகும், எண்ணிக்கை கூடும். 2020-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பால் மெக்யூன், இட்டாய் கோஹென், மார்க் மிஸ்கின் ஆகியோர் நான்கு அங்குலத் தகடு ஒன்றிலிருந்தே பத்து லட்சம் நுண்ரோபோக்களை எடுக்கலாம் என்று காட்டினார்கள். அவற்றில் மூளை இல்லை, லேசர் அடித்தால் கால் அசைக்கும். பிறகு பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்குப் போன மிஸ்கினும் மிச்சிகனின் பிளாவும் சேர்ந்து 2025 டிசம்பரில் மூளையோடு ஒன்றை வெளியிட்டார்கள். சுமார் 200 மைக்ரான் அகலம், 300 மைக்ரான் நீளம், 50 மைக்ரான் கனம். திரவத்தில் நீந்தும், வெப்பத்தை உணரும், அதற்கேற்பத் திசை மாறும். அளந்த வெப்பநிலையை எப்படிச் சொல்கிறது தெரியுமா? ஆடிக் காட்டுகிறது. அதன் நெளிவுகளை மைக்ராஸ்கோப்பில் கேமரா வைத்துப் பார்த்து எண்ணாக மாற்றிக்கொள்கிறார்கள். உலகின் கைதேர்ந்த இரண்டு குழுக்கள் சேர்ந்து செய்தும் அதற்கு ரேடியோக் குரல் கொடுக்க முடியவில்லை. ஆட்டம்தான் கொடுக்க முடிந்தது. இதைச் சொன்னபோது சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். அலைநீளம், சூரிய ஒளியின் அளவு, காற்றில் விழும் வேகம் மூன்றும் எந்த அமைப்பின் பணத்துக்கும் வளையாதவை. நாளைக்கு வருவது இந்த மூன்றுக்கும் உட்பட்டுத்தான் வரும். அதனால் ஒரு தொழிற்சாலைக்குள்ளோ ஒரு வயலிலோ ஒரு நோயாளியின் உடலிலோ, பக்கத்திலேயே துணைக்கருவி வைத்து இயக்கும் நுண்சென்சார்கள் பெருகும் என்றுதான் நான் எதிர்பார்க்கிறேன். யாரோ எங்கோ உட்கார்ந்துகொண்டு ஊர் முழுக்கக் காற்றில் தூவிக் கேட்டுக்கொண்டிருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். சென்ற வாரம் போனபோது முன்னறை ஜன்னல் ஒன்று திறந்திருந்தது. மற்றவை சாத்தித்தான் இருந்தன. சித்தப்பா என்னை உட்காரவைத்துக் கேட்டார்: "கேக்குதோ கேக்கலையோ, அது போகட்டும். நெஞ்சுக்குள்ள போனா என்ன ஆகும்? இப்படித் தூவினதை அப்புறம் யார் பெருக்குவா?"

அவரால் அதைக் கேட்காமல் இருக்க முடியாது. ஈயப் புகையில் வாழ்நாளைக் கழித்தவர். 10 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள் மூச்சுக்குழாய்க்குள் போகும், 2.5 மைக்ரானுக்குக் கீழே போனால் நுரையீரலின் ஆழம் வரை இறங்கும். காற்றில் உள்ள தூசியை உலகெங்கும் இந்த இரண்டு எண்களை வைத்தே அளக்கிறார்கள். இன்றைய சென்சார்கள் அவ்வளவு சிறியவை இல்லை என்பது ஓர் ஆறுதல். சிறிதாக்குவதையே குறிக்கோளாக வைத்திருக்கும் துறையில் அந்த ஆறுதல் எத்தனை நாளைக்கு? 30 மில்லிகிராம் விதைகளை ஆயிரக்கணக்கில் ஒரு காட்டில் தூவினால் சிலிக்கானும் உலோகமும் பிளாஸ்டிக்கும் அங்கேயே கிடக்கும். பறவை கொத்தும், மண் மூடும். நார்த்வெஸ்டர்ன் குழு இதை யோசித்து, வேலை முடிந்ததும் தண்ணீரில் கரைந்துபோகும் பொருள்களால் ஒரு வகையைச் செய்திருக்கிறது. மற்றவர்களும் அந்த வழிக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை போடலாம், எத்தனை நாளில் கரைய வேண்டும், போட்டவர் எதற்கெல்லாம் பொறுப்பு என்று தூவுவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன். அவர் பழைய ரேடியோக் கடைக் கணக்கு நோட்டை எடுத்து, 'கரையுமா? எத்தனை நாளில்?' என்று எழுதிப் பக்கத்தில் தேதி போட்டார். பிறகு நான் கொடுத்த சென்சாரை மேசையிலிருந்து எடுத்து, "இதுல இருக்கிற பேட்டரி ஒழுக ஆரம்பிச்சிருச்சு, பார்த்தியா?" என்று காட்டினார். பச்சை படிந்த முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய நல்ல வெளிச்சம் வேண்டும் என்று எழுந்துபோய் இரண்டாவது ஜன்னலையும் திறந்தார்.